அரூர் பக்கம் மூன்று பருவம், ஒரு வெள்ளைச் சேலை

போன வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஒரு பெண் கேட்டிருந்தார்: “ஜனவரியில் அரூர் வழியாகச் சித்தேரி போகிறோம். என்ன மாதிரித் துணி எடுத்து வைப்பது? ஸ்வெட்டர் தேவைப்படுமா?” ஒரே வரியில் பதில் போட்டிருக்கலாம். எனக்கு அது வராது. எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் அந்தப் பக்கத்துக்கு நான் மூன்று பருவங்களில் பை கட்டிப் போய்வந்த கதையையே எழுதிவிடுகிறேன். நடந்தது 1986 ஏப்ரலில் தொடங்கி அடுத்த பொங்கல் வரை. இன்றைக்கு ரோடு அகலமாகியிருக்கும், பஸ் கூடியிருக்கும், அன்றைய கட்டணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வெயிலும் சேறும் பனியும் மாறியிருக்காது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போனது சுற்றிப் பார்க்க இல்லை. என் தங்கை ஸ்டெல்லா அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எங்கள் அப்பா மொரப்பூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். ரயில்வே வேலை கிடைத்து மெட்ராஸ் வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். நாங்கள் இருவரும் பிறந்து வளர்ந்தது கோயிலும் கான்வென்டும் தவிர வேறு எதுவும் தெரியாத ஒரு கத்தோலிக்கத் தெருவில். ஸ்டெல்லா நர்ஸ் படிப்பும் பிரசவப் பயிற்சியும் முடித்த கையோடு, சித்தேரி மலையடிவாரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு சிறு மருந்தகத்தில் சேர்ந்துவிட்டாள். அம்மா மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தார். பிறகு எனக்கு ஒரு வேலை கொடுத்தார்: லீவு கிடைக்கும்போதெல்லாம் போய்ப் பார்க்க வேண்டும், இளைத்திருந்தால் கையோடு கூட்டி வந்துவிட வேண்டும். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். டெலிபோன் ஆபீஸில் வேலை. ஊர் சுற்றக் காரணம் கிடைத்தால் விடுகிற ஆளில்லை நான்.

மருந்தகத்தின் தலைவியை எல்லோரும் மதர் என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ச்சல், புண்ணுக்கெல்லாம் அவரே மருந்து கொடுத்துவிடுவார். பிரசவம் பார்க்கத்தான் ஆள் இல்லை. அதற்காகத்தான் ஸ்டெல்லாவை எடுத்தார். ஒரு வருடம் பார்ப்போம், ஜனங்கள் கூப்பிடவில்லை என்றால் அடுத்த ஈஸ்டரோடு முடித்துக்கொள்வோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மெட்ராஸில் நர்சிங் ஹோம்களில் ஸ்டெல்லாவுக்கு வேலை கிடைக்காமல் இல்லை. அவளுக்கு அந்த ஊர்தான் வேண்டும். ஏன் என்று கேட்டால், “இங்க நான் இல்லன்னா வேற ஆள் இல்லக்கா. அங்க நான் இல்லன்னா நூறு பேர்” என்பாள்.

முதலில் ஏப்ரல். நான் எடுத்துப் போனதைச் சொல்கிறேன், நீங்கள் அதை எடுத்துப் போகாதீர்கள். நைலக்ஸ் சேலை நான்கு, குதிகால் உயர்ந்த செருப்பு, பவுடர் டப்பா, பூப்போட்ட குட்டைக் குடை. எல்லாவற்றையும் ஒரு ரெக்ஸின் பையில் திணித்துக்கொண்டு சென்ட்ரலில் காலை ரயில் ஏறினேன். மொரப்பூர் ஏறத்தாழ 275 கிலோமீட்டர். இரண்டாம் வகுப்பில் இருபது ரூபாய்க்குள் முடிந்தது. மத்தியானம் ஒரு மணிக்குப் பிளாட்பாரத்தில் இறங்கியபோது வெயில் என் தலையில் உட்கார்ந்துகொண்டது. நைலக்ஸ் உடம்போடு ஒட்டிக்கொண்டு நடக்கவே விடவில்லை. அங்கிருந்து அரூருக்குப் பஸ்ஸில் பன்னிரண்டு கிலோமீட்டர். அரூரில் ஒரு மணி நேரம் காத்திருந்து டவுன் பஸ் பிடித்தால் இன்னும் பதினாறு. அந்தப் பதினாறு கிலோமீட்டருக்கு அது ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. வழியில் கை காட்டியவர்கள் எல்லோருக்கும் நின்றது, கை காட்டாதவர்களுக்கும் நின்று விசாரித்தது.

பஸ் நின்ற இடத்திலிருந்து மருந்தகம் ஒரு கிலோமீட்டர் மண் பாதை. இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் முள். பாதி வழியில் ஒரு குதிகால் கழன்றுவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றபோது எதிரே ஸ்டெல்லா வந்தாள். சலவை வெள்ளைச் சேலை, வெள்ளை ரவிக்கை, காலில் அரூர்ச் சந்தையில் வாங்கிய டயர் செருப்பு. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஷூட்டிங் எங்கக்கா?” என்றாள். அவள் இளைக்கவில்லை, நன்றாகவே இருந்தாள்.

கோடைக்குப் போகிறவர்களுக்கு: பருத்தி மட்டும்தான். உள்பாவாடையும் பருத்தியாகவே இருக்கட்டும். வெளிர் நிறம் நல்லது, ஆனால் சுத்த வெள்ளை வேண்டாம். செம்மண் ஏறினால் துவைத்தாலும் போகாது. ஸ்டெல்லா தினமும் தன் சேலையை அலசி, நீலம் போட்டு, கல் மேல் காய வைத்துத்தான் அந்த வெளுப்பைக் காப்பாற்றினாள். ரப்பர் செருப்பில் முள் ஏறும், டயர் செருப்பில் ஏறாது. அவள் எனக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தாள், ஒன்பது ரூபாய். பெரிய கறுப்புக் குடை எடுத்துக்கொள்ளுங்கள். பவுடர் டப்பா வேண்டவே வேண்டாம், வியர்வையோடு சேர்ந்து அப்பம் மாவாகிவிடும்.

அந்த முறை ஒரு சின்ன விஷயம் நடந்தது, அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் ஊர் திரும்பும் நாள் அரூர் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அம்மாள் வலியக் கூப்பிட்டு எனக்கு ஒரு முழம் கனகாம்பரம் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற ஸ்டெல்லாவைப் பார்க்கவே இல்லை. நாங்கள் சகோதரிகள் என்று சொன்னதும், “அப்படீங்ளா” என்று சொல்லிவிட்டுக் கூடையைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டாள். “கன்னியாஸ்திரீன்னு நெனச்சிட்டிருப்பாங்க” என்றாள் ஸ்டெல்லா. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

அடுத்தது நவம்பர். போன முறை பட்ட பாட்டில் இந்த முறை பையில் முழுக்கக் கெட்டிப் பருத்திச் சேலைகள். மறுபடியும் தப்புக் கணக்கு. மொரப்பூரில் இறங்கும்போதே மழை, அரூரில் மழை, டவுன் பஸ்ஸுக்குள்ளேயும் மழை. கூரையிலிருந்து ஒழுகிய இடத்துக்குக் கீழே ஒருவர் தம் குடையை விரித்து உட்கார்ந்திருந்தார், கண்டக்டர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நனைந்த பருத்தி இரண்டு நாள் ஆனாலும் காயாது. கொடியில் தொங்கிக்கொண்டு முடை நாற்றம் அடிக்கும். ஏப்ரலில் நான் திட்டித் தீர்த்த நைலக்ஸ்தான் மழைக்கு ராணி. உதறிப் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும். ஆக, மழைக்கு நைலக்ஸோ பாலியெஸ்டரோ எடுத்துப் போங்கள், துணியை எல்லாம் பாலிதீன் பையில் கட்டி அதற்கப்புறம் பைக்குள் வையுங்கள். சேலையைக் கணுக்காலுக்கு நாலு விரல் மேலேயே கட்டுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அங்கே பெண்கள் எல்லோரும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். குடையைக் காற்று பிடுங்கிக்கொள்ளும். ஊர் ஜனங்கள் உரச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளித் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடப்பார்கள். நானும் ஒன்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். முதுகில் யூரியா என்று எழுதியிருந்தது.

ஸ்டெல்லா இந்த முறை இளைத்திருந்தாள். சேர்ந்து ஏழு மாதம் ஆகியும் ஒரு பிரசவத்துக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. ஜனங்கள் மருந்துக்கு வந்தார்கள், ஊசி போட்டுக்கொண்டார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். பிரசவ வலி என்றால் மட்டும் அவளுக்குச் சொல்லாமல் ஊர் மருத்துவச்சியைத் தேடிப் போனார்கள், இல்லையென்றால் கட்டிலோடு தூக்கி அரூர் பஸ்ஸில் ஏற்றினார்கள். அப்படி ஏற்றிய ஒருத்திக்குப் பாதி வழியிலேயே குழந்தை பிறந்ததாம். அன்று ஸ்டெல்லா சாப்பிடவில்லை என்று மதர் சொன்னார்.

“எனக்கு எதோ வரலக்கா. பேசத் தெரியல போல. மூஞ்சப் பாத்தாலே பிடிக்கல போல” என்றாள். மதரைக் கேட்டால் அவருக்கும் புரியவில்லை.

மறுநாள் மருந்தக வராந்தாவில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள், நாற்பத்தைந்து வயதிருக்கும், நெற்றியில் ஒன்றும் இல்லை, பழுப்பேறிய வெள்ளைச் சேலை. பெயர் மாதம்மா. முட்டி வலிக்கு மாத்திரை வாங்க வந்திருந்தார். எனக்குத்தான் பேச ஆள் கிடைத்தால் போதுமே. தன் மகள் கோவிந்தம்மா இந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், ஏழு மாதக் கர்ப்பம், பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார். நான் என் தங்கைதான் இங்கே நர்ஸ் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் கண்ணு, உன் தங்கச்சிக்கு எப்ப இப்படி ஆச்சு?”

“எப்படி ஆச்சுங்க?”

“வூட்டுக்காரரு போயி எத்தன வருசமாச்சு? புள்ள குட்டி இருக்குதா?”

கதவு வழியே ஸ்டெல்லாவைப் பார்த்தேன். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, கையில் வளையல் இல்லை, தலையில் பூ இல்லை, மதர் மாதிரி முக்காடோ சிலுவையோகூட இல்லை. எங்களுக்கு வெள்ளை என்றால் பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை, கல்யாணம், கன்னியர், நர்ஸ். எங்கள் தெருவில் கல்யாணப் பெண்ணே வெள்ளையில்தான் கோயிலுக்குப் போவாள். விதவைகள் வெள்ளை கட்டுவார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். அதை ஸ்டெல்லாவோடு சேர்த்து யோசிக்கத்தான் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊர்க்காரர்களோ, சின்ன வயதில் தாலி இழந்த பெண்ணிடம் போய் எப்படிக் கேட்பது என்று ஏழு மாதமாக மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“அவளுக்குக் கல்யாணமே ஆகலங்க” என்றேன். மாதம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மற்றதைச் சொன்னார்.

அந்தப் பக்கத்துச் சில வீடுகளில், பிறக்கும் குழந்தையை முதலில் ஏந்துகிற கை யாருடையது என்று பார்ப்பார்கள். அந்தக் கைக்கு உரியவரின் வாழ்க்கை குழந்தைக்கு ஒட்டும் என்று நம்பிக்கை. கோவிந்தம்மாவின் முதல் பிரசவம் மாதம்மா வீட்டில் நடந்தது. மருத்துவச்சி வந்து சேரும் முன்பே குழந்தை வந்துவிட்டது, மாதம்மாதான் ஏந்தினார். குழந்தை அன்று பொழுது சாயும்வரைதான் உயிரோடு இருந்தது. இந்த முறை பிரசவம் தங்கள் வீட்டில்தான், மாதம்மா பக்கத்தில் இருக்கக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

“உன் தங்கச்சிய வரச் சொல்லலாமான்னு கேட்டேன் கண்ணு. படிச்ச புள்ளயாச்சேன்னு. ஒரு வெள்ளச்சேல போதாதா, ரெண்டு வேணுமான்னு கேட்டாங்க சம்பந்தியம்மா.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமே இல்லை.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். முதலில் சிரிக்கவும் செய்தாள். பிறகு, “ஏழு மாசமா நான் தாலியறுத்தவளா?” என்றாள். பக்கத்தில் இருந்த மதர் யோசிக்கவே இல்லை. “நாளையிலிருந்து கலர் சேலை கட்டிக்கொள். எனக்கு ஆட்சேபம் இல்லை” என்றார். எனக்கும் அதுதான் வழி என்று தோன்றியது. ஒரு சேலை மாற்றினால் தீருகிற விஷயம், இதற்கா இத்தனை மாதம் அழுதோம் என்றுகூடச் சொன்னேன்.

ஸ்டெல்லா மட்டும் சரி என்று சொல்லவில்லை. “இது நான் படிச்சு வாங்கின சேலக்கா. கட்டுறதும் கட்டாததும் இருக்கட்டும். கலர் கட்டினா என்னை உள்ள விடுவாங்க. அந்த அம்மாவ?” என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. அந்த அம்மாவைப் பற்றி நீ ஏன் கவலைப்படுகிறாய், உன் வேலை போகப் போகிறதே என்று கத்தினேன். மழைச் சத்தத்தில் அது அவ்வளவாகக் கேட்கவில்லை.

மூன்றாவது பயணம் பொங்கல் முடிந்த வாரம். குளிர் என்றால் ஊட்டிக் குளிர் இல்லை. பகலில் வெயில் நன்றாகவே அடிக்கும். பொழுது இறங்கியதும் மலையிலிருந்து பனி இறங்கி, காலை எட்டு எட்டரை வரை எதிரில் வருகிற மாடு தெரியாது. சிமென்ட் தரையில் படுத்தால் முதுகு விறைத்துவிடும், அதனால் பாய்க்கு அடியில் விரிக்க ஒரு பழைய ஜமுக்காளம் கட்டாயம். ஸ்வெட்டர் ஒன்று போதும். அதைவிட உபயோகமானது ஆண்களின் முழுக்கைச் சட்டை. அந்தப் பக்கம் வயலுக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் சட்டையைப் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொள்வார்கள். முதல் முறை பார்த்து நான் கேலி செய்தேன். இந்த முறை என் கணவரின் சட்டைகள் மூன்றை அவரைக் கேட்காமலேயே எடுத்து வந்திருந்தேன். குளிரில் உதட்டுக்கும் குதிகாலுக்கும் தேங்காய் எண்ணெய் போதும், ஆனால் அது காலையில் உறைந்துகிடக்கும், வாயகன்ற டப்பாவில் கொண்டு போங்கள். இவை தவிர, ஸ்டெல்லாவுக்கென்று கலர்ச் சேலை மூன்று வைத்திருந்தேன்.

அவள் இன்னும் வெள்ளைதான் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்ற செய்தி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர், கல்யாணம் ஆகாத பெண் எதற்கு வெள்ளை கட்டுகிறது என்று கேட்டார்கள். பிரசவத்துக்கு இன்னும் யாரும் கூப்பிடவில்லை. ஈஸ்டருக்கு மூன்று மாதம் இருந்தது. மெட்ராஸில் ஒரு நர்சிங் ஹோமில் சொல்லி வைக்கவா என்று மதர் கேட்டிருந்தார்.

நான் போன நாலாம் நாள் காலை, ஏழு மணி இருக்கும், பனிக்குள்ளிருந்து ஒரு ஆள் ஓடி வந்தான். கோவிந்தம்மாவின் கணவன் பெருமாள். கோழி கூவும்போதே வலி எடுத்துவிட்டது, ஊர் மருத்துவச்சி பொங்கலுக்கு மகள் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை, பஸ் எட்டரைக்குத்தான். ஒரு மூச்சில் இதையெல்லாம் சொன்னவன் கடைசி விஷயத்தைச் சொல்ல முடியாமல் தரையைப் பார்த்தான்.

“எங்கம்மா சொல்லிச்சுங்க... கலர் கட்டிக்கிட்டு வந்தா வுடுறேன்னு...”

இவள் மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஸ்டெல்லா ஒரு நொடிதான் நின்றாள். “அக்கா, உன் பையத் திற” என்றாள். மேலாக இருந்த அரக்குச் சேலையை எடுத்து நின்ற நிலையில் கட்டினாள். அதன் மேல் என் கணவரின் சட்டை. என் நெற்றியிலிருந்த ஒட்டுப் பொட்டைப் பிய்த்து நான்தான் அவள் நெற்றியில் வைத்தேன். அதற்குள் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள்.

அவரை போட்ட காட்டு வரப்பில் ஒன்றரைக் கிலோமீட்டர். செடியெல்லாம் பனி, முழங்கால்வரை நனைந்துவிட்டது. பெருமாள் வீட்டை நெருங்கியபோது வைக்கோல் போர் ஓரத்தில் யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மாதம்மா. முந்தின நாளே வந்துவிட்டிருக்கிறார். வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை. இரவெல்லாம் அங்கேயே ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு இருந்திருக்கிறார். சம்பந்தியம்மா ஸ்டெல்லாவை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு வழி விட்டார். ஸ்டெல்லா உள்ளே போனாள், நான் வெந்நீர் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டேன்.

உள்ளேயிருந்து கோவிந்தம்மா “ஆத்தா, ஆத்தா” என்று கத்திக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் வைக்கோல் போர் ஓரத்தில் அந்த அம்மாள் எழுந்து நிற்பார், பிறகு உட்காருவார். ஒரு மணி நேரம் போல ஆயிற்று. கதவு திறந்தது. ஸ்டெல்லாவின் முகம் சரியாக இல்லை.

“பின்னாலேருந்து தாங்கிப் பிடிக்க ஆள் வேணும். பயந்து மூச்சப் பிடிச்சுக்குது” என்றாள். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வைக்கோல் போர்ப் பக்கம் பார்த்து, “அம்மா, நீங்க வாங்க” என்றாள்.

சம்பந்தியம்மா குறுக்கே வந்தார். “அவங்க வேணாங்க. மொதப் புள்ளைக்கி ஆனது தெரியுமில்ல. நாங்களும் பயந்தவங்கதானுங்க.”

“தெரியுங்க. நானும் வெள்ளச்சேலதாங்க” என்றாள் ஸ்டெல்லா. “இது எங்கக்கா சேல. காலையிலதான் கட்டினேன். கை அதே கைதான். என்னை உள்ள விட்டீங்க இல்ல, அவங்களையும் விடுங்க. பொண்ணு அவங்களத்தான் கூப்பிடுது.”

உள்ளே கோவிந்தம்மா மறுபடி கத்தினாள். சம்பந்தியம்மா நகர்ந்தார் என்று சொல்ல முடியாது, ஆனால் குறுக்கே நின்ற உடம்பு தளர்ந்துவிட்டது. மாதம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது.

அதற்கப்புறம் கத்தல் குறைந்தது. மாதம்மாவின் குரல் கேட்டது, என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை, மாட்டிடம் பேசுகிற மாதிரித் தணிவாக ஏதோ. பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றியிருந்தது என்று பிற்பாடு ஸ்டெல்லா சொன்னாள். வெளியே பெருமாள் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டுவிட்டேன்.

குழந்தை அழுதது.

சம்பந்தியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, “யாரு கையில இருக்குது, பாரும்மா” என்றார். கதவிடுக்கில் பார்த்தேன். ஸ்டெல்லா கோவிந்தம்மாவோடு வேலையாக இருந்தாள். துணியில் சுற்றிய குழந்தை மாதம்மாவின் மடியில் இருந்தது, அவர் அழுதுகொண்டிருந்தார். பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். எனக்குப் பொய் சட்டென்று வராது.

“கோவிந்தம்மாவோட ஆத்தா கையிலங்க” என்றேன். “பொண்ணுங்க. நல்லாத்தான் அழுவுது.”

அவர் எழுந்து போய் அடுப்பில் விறகைத் தள்ளினார், வெந்நீர் போதாது என்று இன்னொரு குடம் ஊற்றினார்.

குளிர்காலக் குறிப்பில் விட்டுப் போனதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பளி அந்தப் பக்கச் சந்தைகளிலேயே கிடைக்கும். ஆட்டு மயிர் குத்தும், ஆனால் பனிக்கு அதுபோல வேறு இல்லை. அடியில் ஒரு மெல்லிய வேட்டி விரித்துப் போர்த்திக்கொண்டால் குத்தாது. காலுறை போட்டு அதன் மேல் டயர் செருப்பு மாட்டிக்கொள்ளலாம், பார்க்கத்தான் சகிக்காது. இன்னொன்று, இதை எந்தப் பருவத்துக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். போகிற ஊரில் நம் துணி என்ன பேசும் என்று அங்கே ஒரு ஆளிடமாவது வாய் விட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு அதன்படிதான் கட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்டெல்லாவைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரிந்து கட்டுவது வேறு, தெரியாமல் கட்டுவது வேறு, அவ்வளவுதான்.

நான் மெட்ராஸ் கிளம்பவேண்டிய நாள், பிரசவமாகி மூன்றாம் நாள். தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு என்னைப் பஸ் ஏற்றுகிறேன் என்றாள் ஸ்டெல்லா. குளித்துவிட்டு வந்தவள் நீலம் போட்ட வெள்ளைச் சேலையைக் கட்டியிருந்தாள், நெற்றியிலும் ஒன்றும் இல்லை. இப்போதுதானே ஒரு வாசல் திறந்திருக்கிறது, இன்னும் பத்து நாள் கலரிலேயே போய் வந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். அவள் என் மூன்று சேலைகளையும் மடித்து என் பையில் திரும்ப வைத்தாள்.

“அன்னிக்கு ரெண்டு உயிர் காத்துக்கிட்டு இருந்துச்சு, அதனால கட்டினேன். இன்னிக்கு சும்மா பார்க்கத்தானே போறேன்” என்றாள்.

மறுபடி அதே வரப்பில் நடந்தோம். பனி அப்போதுதான் விலகியிருந்தது, அந்த வெள்ளைச் சேலை அரை மைல் தூரத்திலிருந்தே தெரிந்திருக்கும். சம்பந்தியம்மா வாசலில் நின்று நாங்கள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேலிருந்து கீழாக, அன்று போலவே பார்த்தார். நாங்கள் வாசலுக்கு வந்து நின்றோம்.

“ஏம்மா இவ்ளோ நேரம்?” என்றார். “புள்ள பால் குடிக்க மாட்டேங்குது. உள்ள வந்து என்னான்னு பாரு.”

ஸ்டெல்லா தலையைக் குனிந்து நிலையைத் தாண்டி உள்ளே போனாள்.